வேடிக்கை பார்க்கப் போன இடத்தில்

ஜெகதளாவிலிருந்து சென்னைக்குப் போய்த் தெருவில் நடந்த கார்ப்பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்க்கு, அதைக் கண்டித்து எழுத என்ன உரிமை இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. நாம் காசு கொடுக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அண்டை வீட்டுத் தம்பி தன் சம்பளத்தில் வாங்கிய இரண்டு சீட்டுகளில் ஒன்றை நம் கையில் திணித்தபோது, மறுப்பதுபோல் மறுத்து வாங்கிக்கொண்டோம். "பெரியப்பா, பாக்காமலே திட்டுறீங்க. ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்றார் அவர். அவர் சொன்னபடியே பார்த்தோம். இப்போது திட்டப் போகிறோம். ஆனால் திட்டின் ஒரு பங்கு நம்மையும் சேரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி அந்தப் பந்தயம் நடந்தது. ஃபார்முலா 4 என்பது அதன் பெயர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து நடத்தின. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று சென்னைவாசிகள் அன்றாடம் வேலைக்குப் போகும் சாலைகளே மூன்றரைக் கிலோமீட்டர் பந்தயத் தடமாயின. முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடத்துவதாக இருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு மிக்ஜாம் புயல் வந்து நகரைத் தண்ணீரில் மூழ்கடித்தது. படகில் மக்களை மீட்ட வாரத்தில் காரோட்டுவது எப்படி? தள்ளிவைத்தார்கள். பிறகு உயர்நீதிமன்றத்தில் வழக்குகள். மருத்துவமனைகளுக்குப் போகும் வழி என்னாகும், பொதுமக்களின் பணம் எதற்காகச் செலவாகிறது என்று கேட்டவர்களுக்கு, நிபந்தனைகளோடு கூடிய அனுமதியே பதிலாய்க் கிடைத்தது. முதல்நாளன்று உலகக் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் வந்து சேரவில்லை, மழையும் பெய்தது, நீதிமன்றம் குறித்த கெடு நீண்டுகொண்டே போய், இருட்டிய பின்னரே வண்டிகள் புறப்பட்டன. இவற்றையெல்லாம் செய்தித்தாளில் படித்துக்கொண்டே நாம் நீலகிரி விரைவுவண்டியில் சென்னை போய் இறங்கினோம். சென்ட்ரல் நிலையத்திலிருந்து தீவுத்திடல் நடக்கிற தூரம்தான்.

ஞாயிறு திருப்பலி கண்டுவிட்டு மாலையில் போனோம். நம் மலைவாழ்வில் நாம் கண்டிராத வெளிச்சம். இரவைப் பகலாக்கும் விளக்குக் கம்பங்கள், இருபுறமும் ஆளுயரத்துக்கும் மேலே கம்பி வலை, அதன் அடியில் கான்கிரீட் கட்டைகள். வலைக்கு அப்பால் கார்கள், இப்பால் நாம். காதை அடைக்கப் பஞ்சு விற்றார்கள். பாப்கார்ன் விற்றார்கள். திரைப்பட நடிகர்கள் இன்ன மேடையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிக் கூட்டம் அந்தப் பக்கமே கழுத்தை வளைத்திருந்தது.

தெருப்பந்தயத்தில் பார்வையாளன் உண்மையில் எதைப் பார்க்கிறான் என்பதை யாரும் எழுதுவதில்லை. ஆகவே நாம் எழுதுகிறோம். அவன் பந்தயத்தைப் பார்ப்பதில்லை. தன் முன்னே உள்ள ஐம்பது அறுபது கஜச் சாலையைப் பார்க்கிறான். தொலைவில் ஒரு சத்தம் எழுகிறது. ஆயிரம் தையல் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் இரைவதுபோல. அது நெருங்கி நெஞ்செலும்பில் அதிர்கிறது. பிறகு ஒரு வண்ணக் கோடு இடமிருந்து வலம் போகிறது. அதற்குள் இருந்தது யார், முந்துகிறவரா பிந்துகிறவரா, ஒன்றும் தெரியாது. இரண்டு விநாடி. பின்பு வெறுஞ்சாலை. மறுபடி அது வரும்வரை எல்லாரும் தங்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். சற்றுமுன் எடுத்த படத்தில் கார் விழுந்திருக்கிறதா என்று. யார் முன்னே என்பதை அறியப் பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் தொலைக்காட்சியில் காண்பதைக் காணவே நாம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்திருந்தோம்.

ஆனால் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனால் அது பொய். அந்தச் சத்தம் நெஞ்சில் இறங்கும்போது மயிர்க்கூச்செறிந்தது. நமக்கு வயது அறுபதைத் தாண்டுகிறது, முழங்கால் வலி, ஆயினும் அடுத்த சுற்றுக்கு எழுந்து நின்றோம். தம்பி நம்மைப் பார்த்து வெற்றிப் புன்னகை புரிந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. வளைவொன்றில் ஒரு கார் நிலை தடுமாறிச் சுவரில் மோதியது. சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு நின்றது. ஏதோ ஒரு துண்டு பறந்து சாலையில் விழுந்தது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கூவிற்று. அது அச்சக் குரலன்று. வெடி வெடித்தவுடன் திருவிழாக் கூட்டம் கூவுமே, அந்தக் குரல். எல்லோரோடும் நாமும் கூவினோம். கூவி முடித்து, உட்கார்ந்து, அதன்பின்னரே அந்த வண்டிக்குள் ஒரு மனிதப் பிள்ளை இருக்கிறது என்ற நினைவு வந்தது. ஃபார்முலா 4 வண்டியைப் பதினைந்து பதினாறு வயதிலேயே ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள் என்று தம்பிதான் வழியில் சொல்லியிருந்தார். சிறிது நேரத்தில் ஓட்டுநர் தாமாகவே இறங்கி நடந்து போனார். அரங்கம் கைதட்டிற்று. நம் கைகள் எழவில்லை. சற்று முன்பு நாம் விரும்பியது அவர் நடந்து போவதையா, வேறெதையாவதா என்ற கேள்வி நம்மைக் கட்டிப்போட்டுவிட்டது.

அந்தப் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, ஆகஸ்ட் 28, தூய அகுஸ்தினாரின் திருநாள். அவர் தம் தன்வரலாற்று நூலின் ஆறாம் பாகத்தில் அலிப்பியு என்ற நண்பரைப்பற்றி எழுதியிருப்பதை வாசகர்கள் அறிவர். கார்த்தேஜ் நகரில் மாணவராயிருந்தபோது அலிப்பியுவைத் தேர்ப்பந்தயப் பித்து பிடித்திருந்தது. அகுஸ்தினார் வகுப்பில் தற்செயலாகச் சொன்ன ஓர் எள்ளல் உவமை அவரைக் குணப்படுத்தியது. பிறகு உரோமைக்குச் சட்டம் பயிலப் போனார். அங்கே நண்பர்கள் அவரை வாள்வீரர் மடியும் களியாட்டரங்குக்கு வலிந்து இழுத்துச் சென்றார்கள். உடலைத்தான் இழுக்கலாம், மனத்தை இழுக்க முடியாது என்று சபதம் செய்து அவர் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். கண்ணை மூடியவர் காதை மூட மறந்தார். ஒரு வீரன் விழ, கூட்டம் ஆர்ப்பரிக்க, கண் திறந்தது. திறந்த கண் மீண்டும் மூடவில்லை. அடுத்த முறை அவரே மற்றவர்களை அழைத்துக்கொண்டு போனாராம். இந்த மனிதர் பிற்காலத்தில் மனந்திரும்பி ஆயரானார் என்பது ஆறுதல். நமக்கு அன்று உறைத்தது வேறொன்று. அலிப்பியுவின் கண்ணைத் திறந்தது காட்சியன்று, கூட்டத்தின் குரல். அந்தக் குரலில் நம் குரலும் அன்று கலந்திருந்தது. அருகிலே அமர்ந்திருந்த எந்த அலிப்பியுவின் கண்ணை அது திறந்ததோ!

"பெரியப்பா, உள்ளே இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வண்டியே அப்படித்தான் செஞ்சிருக்காங்க" என்று தம்பி நமக்குத் தேறுதல் சொன்னார். பெரும்பாலும் உண்மைதான். ஓட்டுநரைச் சுற்றியுள்ள கூடு உடையாதபடி செய்திருக்கிறார்கள். தலைக்குமேல் வளையம் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1955 ஜூன் 11-ஆம் நாள் பிரான்சு நாட்டின் லெமான் பந்தயத்தில் ஒரு கார் பறந்து பார்வையாளர் கூட்டத்துக்குள் விழுந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பந்தயத்தை நிறுத்தவில்லை, மறுநாள் மாலைவரை ஓட்டி முடித்தார்கள். சுவிட்சர்லாந்து தன் மண்ணில் இத்தகைய தடப்பந்தயத்தையே தடைசெய்தது. 1957-இல் இத்தாலியில் ஊர்ச்சாலைகள் வழியே ஓடிய மில்லே மில்யா பந்தயத்தில் கார் ஒன்று வழியோரக் கூட்டத்தில் பாய்ந்து ஒன்பது பேரைக் கொன்றது. அவர்களில் ஐவர் குழந்தைகள். வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகள். அடுத்த ஆண்டு ஓர் இத்தாலிய ஓட்டுநர் பந்தயத்தில் இறந்தபோது, வத்திக்கான் நாளேடான ஒசர்வத்தோரே ரொமானோ, கார் முதலாளி ஃபெராரியைத் தன் மக்களைத் தானே விழுங்கிய பழங்காலச் சனித்தெய்வத்துக்கு ஒப்பிட்டுக் கடிந்தது. நம் திருச்சபை ஏடு ஒன்று அன்று அப்படிப் பேசியது என்பதை இன்றைய கத்தோலிக்க ஏடுகளில் எத்தனை நினைவில் வைத்திருக்கின்றன? நம் ஏட்டையும் சேர்த்தே கேட்கிறோம்.

தொலைநாட்டுக் கதை, பழங்கதை என்பார் உளர். 2023 ஆகஸ்டு முதல் வாரத்தில், இதே சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில், பெங்களூரைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் வீரன் ஒருவன் கீழே விழுந்து இறந்தான். அவன் வயது 13. பதிமூன்று வயதுப் பிள்ளை நம் ஊரில் மிதிவண்டியை வேகமாய் ஓட்டினாலே தாய்மார் வாசலில் நின்று கத்துவார்கள். சரியாக ஓராண்டு கழித்து அதே மாதத்தில், அந்தச் சாவைப்பற்றி ஒரு சொல்லும் இன்றி, வண்ண விளக்கு ஏற்றினோம்.

விளையாட்டையே வெறுக்கும் சந்நியாசிகள் நாம் அல்லர். புனித பவுலடிகளே ஓட்டப்பந்தயத்தை உவமையாக்கிக் கொரிந்தியருக்கு எழுதியவர். அவர் சொன்ன ஓட்டம் மனிதன் தன் காலால் ஓடியது என்று வாதாடவும் நமக்கு விருப்பமில்லை. எந்திரத்தை ஆள்வதும் திறமையே. சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தைப் பெரியவர்கள் சுவைபடச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நம் அண்டை நகரான கோயமுத்தூரில் கரிவரதன் என்ற மனிதர் தாமே பந்தயக் கார்களை வடிவமைத்தார். அவர் பெயரால் செட்டிபாளையத்தில் திடல் இருக்கிறது. அதே கோவையின் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனபோது நாமும் மகிழ்ந்தோம். அப்படியானால் கேள்வி இதுதான்: 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் திடல் இருக்கிறது, செட்டிபாளையத்தில் இருக்கிறது. இரண்டும் இருக்க, அண்ணா சாலையை ஏன் அடைக்க வேண்டும்?

விடை எளிது. திடலில் நடந்தால் அது விளையாட்டு. பிரியமுள்ளவர் போய்ப் பார்ப்பார். நகரின் நடுவில் நடந்தால் அது காட்சி. மொனாக்கோவைப்போல், சிங்கப்பூரைப்போல் நாமும் ஆகிவிட்டோம் என்று படம் எடுத்துக் காட்டலாம். 2023 பிப்ரவரியில் ஐதராபாத் உசேன்சாகர் ஏரிக்கரையில் மின்கார்களின் தெருப்பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். அதுவும் இந்தப் பெருமைக்காகத்தான். ஆட்சி மாறியது; அடுத்த ஆண்டுப் பந்தயம் ரத்து. விளையாட்டு வேரூன்றியிருந்தால் ஆட்சியோடு போயிருக்குமா?

பந்தயத்துக்கென அரசு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 40 கோடி ரூபாய். பெரிய அரசுக்கு இது பெருந்தொகையா என்று கேட்பார்கள். 2023 செப்டம்பரில், தெருப்பந்தய ஏற்பாடு மும்முரமாய் நடந்த அதே காலத்தில், நம் நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள், படுகப் பெருமக்கள், கோத்தகிரிப் பக்கத்தில் பந்தலிட்டு உண்ணாநோன்பிருந்தார்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டுமென்பது கோரிக்கை. அந்தப் பந்தலில் மின்விளக்குக் கம்பம் இல்லை, நடிகர் வரவில்லை. தேயிலைக்குக் காசில்லை என்று சொன்ன வாய் காருக்கு உண்டென்று சொன்னால், அதைக் கணக்குப் பிழை என்று எடுத்துக்கொள்ள முடியுமா? எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதற்கே காசு என்பது ஒரு கொள்கை. பந்தலும் பசியும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தச் சாலைகளைப்பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தோம் என்றாலும் தகும். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி அன்னையின் கொடியேற்றம். சென்னை பெசன்ட் நகர்த் திருத்தலத்திலும் அன்றே கொடி ஏறும். செப்டம்பர் 8 வரை விழா. அந்த நாள்களில் வடசென்னையிலிருந்தும் புறநகரங்களிலிருந்தும் காவி உடுத்து, வெறுங்காலோடு, சப்பரம் இழுத்துக்கொண்டு மக்கள் நடந்து வருவார்கள். கிறிஸ்தவர் மட்டுமா? இந்துச் சகோதரிகள் எத்தனை பேர்! அன்றிரவு நாம் வெளியே வந்தபோது, அடைப்புக்கு இப்பால் அப்படி ஒரு சிறு கூட்டம் நின்றிருந்தது. இருபது பேர் இருக்கலாம். வழக்கமாய் வரும் பாதை அடைபட்டிருக்க, எந்தப் பக்கம் சுற்றிப் போவதென்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற இளைஞர் பொறுமையாகவே வழி சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மூதாட்டி நடைமேடை விளிம்பில் உட்கார்ந்து பாதத்தில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு சுற்று முடிந்து சத்தம் எழும்பியபோது அவர் நிமிர்ந்து, "என்னப்பா உள்ளே, ரொம்ப நேரமா இரையுது?" என்று நம்மைக் கேட்டார். நாம் கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டோம். கார்ப்பந்தயம் என்று தம்பிதான் பதில் சொன்னார். "ஓ, நம்ம வழியிலயா?" என்றார் அம்மூதாட்டி. அதில் கோபம் இல்லை, வியப்புதான்.

ஊர்வலங்களும்தாம் சாலையை அடைக்கின்றன என்று ஒருவர் நம்மை மடக்கப் பார்த்தார். உண்மை. நம் ஊரிலும் ஹெத்தையம்மன் விழாவின்போது வெள்ளாடை அணிந்த படுக மக்கள் சாலைவழியே நடந்து போவார்கள். பேருந்து நின்று வழிவிடும். ஓட்டுநர் இறங்கித் தேநீர் குடிப்பார். அங்கே யாருக்கும் சீட்டு இல்லை. வேடிக்கை பார்த்தவன் நான்கு அடி எடுத்து வைத்தால் ஊர்வலத்தில் ஒருவனாகிவிடுவான். பந்தயச் சாலையிலோ வலைக்கு இப்பால் இருப்பவன் என்றும் இப்பாலேதான். நல்ல சமாரியர் எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டது, அவர் நடக்கிற வேகத்தில் போனதால். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகிறவனுக்கு வழியோரம் என்பது ஒரு வண்ணக் கோடு. வழியோரத்தில் நிற்பவனுக்குப் போகிறவனும் ஒரு வண்ணக் கோடே.

தீவுத்திடலருகே மன்றோ துரையின் சிலை இருக்கிறது. அங்கவடியில்லாத குதிரைமீது அமர்ந்தபடி. வேகத்தின் தெய்வங்களுக்கு நடுவே அக்குதிரை நின்றுகொண்டிருப்பதைப் பார்க்க நமக்கு ஏனோ சிரிப்பு வந்தது. இது வழியோடு வந்த நினைப்பு; விட்டுவிடுவோம்.

தமிழகச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மாண்டவர் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே நாம்தான் முதலிடம். நம் மலைக்கு வரும் பயணியருக்கு இவ்வேகம் எப்படிப் பிடிக்கிறதென்று கல்லட்டி மலைப்பாதையின் முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகளைக் கேட்டால் தெரியும். வாகனங்கள் பெருகியதால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. எண்ணிக்கையைச் சீட்டால் குறைக்கலாம். வேகத்தின்மீது ஊட்டிய காதலை எந்தச் சீட்டால் குறைப்பது? பந்தயத் திடலில் தலைக்கவசம், தீயணைக்கும் உடை, மருத்துவர் குழு எல்லாம் உண்டு. பார்த்துவிட்டு வீடு திரும்பும் பையனின் மோட்டார் சைக்கிளில் இவற்றுள் எதுவும் இல்லை. சத்தம் மட்டும் இருக்கிறது. பந்தயம் நடத்துவோர், நாங்கள் யாரையும் சாலையில் ஓட்டச் சொல்லவில்லை என்பார்கள். திடலில் ஓட்டியிருந்தால் அவர்கள் பேச்சை ஏற்றிருப்போம். அவர்கள் ஓட்டிக் காட்டியதே சாலையில்தான்.

திங்கள் இரவு வண்டியேறிச் செவ்வாய் விடியலில் மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம். தம்பி தம் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்தியிருந்தார். பின்னால் உட்காருங்கள் என்றார். முழங்காலைக் காரணம் காட்டி நாம் குன்னூர்ப் பேருந்தில் ஏறிக்கொண்டோம். கல்லாறு தாண்டியதும் பக்கத்தில் வந்து, கையசைத்து, ஒரு லாரிக்கும் மலைச்சுவருக்கும் இடையில் நுழைந்து மறைந்தார். பேருந்துக்குள்ளிருந்த நாம் கம்பியைப் பிடித்த கை நடுங்க ஒரு அருள்நிறை மரியே சொன்னோம். பர்லியாறில் பேருந்து தேநீருக்கு நின்றபோது அவர் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி. நாம் இறங்கி அவர் அருகே போனோம். வழி நெடுகச் சேர்த்து வைத்த கண்டிப்பு நாவில் தயாராக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது முதலில் வந்தது, "எத்தனை நிமிஷத்துல வந்தே?" என்பதுதான்.